சேலைக்குப் பின்னால் பூத்த கொடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபி டம்ளரோடு மொட்டை மாடிக்குப் போனவள், பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கொடியில் ஒரு காய் தொங்குகிறது. நீங்களும் நானும் சந்தையில் பொறுக்கிப் போடுகிற காய் இல்லை. விரல் நீளம். நாலு பக்கமும் நாலு இறக்கை. ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் பாவாடைக்குச் சுருக்கு வைத்துத் தைத்த மாதிரி அலை அலையாக மடிப்பு. இதை யார் உட்கார்ந்து தைத்தது?

காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அதைக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஒரு காய்க்கா இத்தனை அலட்டல் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் இந்தக் காய்க்காக எங்கள் வேப்பந்தட்டைத் தெருவில் ஒரு மனிதர் ஆடி மாதத்திலிருந்து காத்திருந்தார். சாப்பாட்டை, நடையை, ஏன்... உயிரையே இதில் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலிலிருந்து சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மலர்க்கொடி. எறையூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் வேலை. பெரும்பாலும் இரண்டாவது ஷிஃப்ட். ராத்திரி கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். அவள் கணவர் செல்வம், மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் மாஸ்டர். கல்யாணத்துக்கு முன்பே போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவில் வருவார், போவார். தெருவில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது.

போன சித்திரையில் அவருக்கு அங்கே பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. கூட வேலை பார்த்தவர்கள்தான் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேச்சும் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை... ஒரே ஒரு சொல் மிச்சம். "ஆமா."

"சாப்பிட்டீங்களா?" - "ஆமா."

"இன்னும் சாப்பிடலையா?" - "ஆமா."

நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. அவர் மனதில் இருப்பதுதான் வெளியே வரமாட்டேன் என்கிறது. வேறு எதையோ சொல்ல வாயெடுப்பார், வந்து விழுவது "ஆமா"தான். விழுந்ததும் அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு நாள் மலர் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையில் கசங்கிய டிஷ்யூ பேப்பர். பிரித்தால் உருண்டையாகச் சில விதைகள். பாலிஷ் போட்ட மாதிரி பழுப்பு நிறம்.

"அவரு சட்டப் பையில இருந்துதுக்கா. அவரே எடுத்து என் கையில வச்சு மூடினாரு. என்ன வெதைன்னு தெரியல."

"கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? அவரையான்னேன். ஆமான்னாரு. மொச்சையான்னேன். அதுக்கும் ஆமா. மருந்தான்னேன். ஆமா. அப்பறம் கோவம் வந்து அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துட்டாரு."

எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று இந்தத் தெருவில் ஒரு நம்பிக்கை. நான் செடி வளர்க்கிற லட்சணம் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். கற்றாழையையே காயவிட்ட புண்ணியவதி நான். இருந்தாலும் "விடு, பாத்துக்கலாம்" என்று வாங்கி ஊறப்போட்டேன். கல் ஊறுமா? அது பாட்டுக்குத் தண்ணீருக்குள் பளபளவென்று கிடந்தது.

என் சித்தப்பா மகன் சேகருக்குப் போன் போட்டேன். அரியலூரில் வேளாண்மைத் துறையில் இருக்கிறான். எப்போது கூப்பிட்டாலும் எதையாவது மென்றுகொண்டேதான் பேசுவான்.

"தோல் கெட்டியா இருக்குமா இருக்கும்க்கா. சிமெண்ட்டுத் தரையில லேசா ஒரு தேய் தேய்ச்சுட்டு ஊறப்போடுங்க. முழுசா தேய்ச்சுத் தொலைச்சிராதீங்க."

தேய்த்தேன். மறுநாளே உப்பிக்கொண்டது. மலர் வீட்டுக் காம்பவுண்ட் சுவரோரம் ஊன்றினோம். பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததில் ஒன்றைக் கோழி கிளறிப் போட்டது. தப்பியது ஒன்றே ஒன்று.

ஒன்று போதாதா? அது ஏறிய வேகம் இருக்கிறதே... சுவரிலிருந்து மாடிக் கைப்பிடி வரைக்கும் கயிறு கட்டிவிட்டோம். ஒருநாள் நுனி கயிற்றை விட்டு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாவமே என்று நானே பிடித்து ரெண்டு சுற்று சுற்றிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் என் சுற்றை உதறிவிட்டு, எதிர்த்திசையில் தானாகச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. சரி, ஏதோ காற்று என்று மறுபடி என் பக்கமாகச் சுற்றினேன். மறுபடி உதறியது. அதற்கு ஒரு திசை இருக்கிறது. யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளாது. அன்றைக்கு நான் ஆபீஸ் வேலை, அடுப்பு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிட அதிகமாகப் பார்த்தவர் செல்வம்.

அதுவரை அவர் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டார். கையை மடக்கு, காலை நீட்டு என்று பிசியோதெரபியில் சொன்னதை எல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொடி மண்ணை விட்டுத் தலையைத் தூக்கிய வாரம், தானாக எழுந்து ஊன்றுகோலைப் பிடித்தார். இடது கையில் ஊன்றுகோல் என்றால் சொம்பை எதில் பிடிப்பது? ஊன்றுகோலைக் கதவோரம் சாய்த்துவிட்டு, சுவரில் தோளை உரசிக்கொண்டே போய்க் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார். தினமும்.

"டாக்டர் சொல்லியும் நடக்கல, நான் அழுதும் நடக்கல. இந்தக் கொடி நடக்க வைக்குதுக்கா" என்றாள் மலர்.

சரி, அது என்ன கொடி? போட்டோ எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. முதல் போட்டோவுக்குக் காராமணி என்றது. இரண்டாவதுக்கு ஏதோ பிரேசில் நாட்டுக் களை என்றது. மூன்றாவதில் மலரின் பூப்போட்ட சேலை ஓரமும் சேர்ந்து விழுந்துவிட்டது. செம்பருத்தி என்று அடித்துச் சொன்னது.

தெருவில் போகிற ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "பூனைக்காலி மாதிரில்ல இருக்கு. காய்ல இருக்கற சொணை மேல பட்டா உடம்பு பூரா அரிச்சுப் பிடுங்கிரும்" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். சேகரோ, "ஒரு காம்புல மூணு இலை இருந்தா பயறு வகைன்னு சொல்லலாம். அதுக்கு மேல இலைய வச்சு என்னத்தச் சொல்றது? பூக்கட்டும்க்கா, பூ வந்துட்டா சொல்லிரலாம்" என்றான்.

பூக்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அது பூக்கவில்லை.

ஐப்பசி போனது. ஊரில் எல்லார் வீட்டு அவரையும் கொத்துக் கொத்தாகப் பூத்தது. இது மட்டும் இலை இலையாக விட்டுக்கொண்டு மாடி வரை ஏறி நின்றது. யாரோ சொன்னார்கள் என்று மலர் ஒரு பிடி யூரியாவைப் போட்டாள். இன்னும் இலை. கார்த்திகை பிறந்தும் ஒரு மொட்டு இல்லை.

செல்வத்துக்கு முகம் வாடத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றப் போனவர் இலையை விலக்கி விலக்கித் தேடுவார். ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது.

"இது காய்க்கலன்னா அவரு படுத்துருவாருக்கா. மறுபடி எழுந்திரிக்கவே மாட்டாரு" என்றாள் மலர். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு நடுவில் வீட்டு ஓனரம்மா வந்து சேர்ந்தார். பாப்பாத்தியம்மா. ரெண்டு தெரு தள்ளி வீடு, ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காடு. எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"என்னம்மா இது, வூட்டுச் செவுத்தப் பூராப் புடிச்சுக்கிட்டு நிக்குது? பூ இல்ல, பிஞ்சு இல்ல. மலட்டுக் கொடி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும், அதுக்குள்ள அறுத்துப் போட்டுரு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வார்த்தை எனக்கு எந்த உயிரைப் பற்றிச் சொன்னாலும் பிடிக்காது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பாப்பாத்தியம்மாவின் பார்வை ஜன்னலுக்குள் போய்விட்டது. உள்ளே செல்வம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தம்மா குரலைத் தணித்துக்கொண்டார்.

"அறுக்க வேணாம் இரு. கண்ணு பட்டுருக்கும். தெருவுல போறவ வர்றவ எல்லாம் அண்ணாந்து பாத்துட்டுப் போறாளுவ, எப்புடிப் பூக்கும்? மறைச்சுக் கட்டணும். பொங்க வரைக்கும் பாப்போம்."

மறுநாள் ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து போட்டார். காட்டுப்பன்றி வராமல் இருக்க மக்காச்சோளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சேலை. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், காடு முழுக்கச் சேலை கட்டியிருக்கும். கருஞ்சிவப்பு நிறம், கனத்த பாலியெஸ்டர். ரெண்டாக மடித்து, தெருப்பக்கம் காம்பவுண்டுக்கு மேலே குச்சி நட்டு, ஆள் உயரத்துக்குத் திரை மாதிரி கட்டினோம். அதற்கு மேலே மாடி வரை போயிருந்த கொடிக்குச் சேலை எட்டவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் குச்சியைப் பிடித்தேன். திருஷ்டியாவது, மண்ணாங்கட்டியாவது.

மார்கழி பாதி இருக்கும். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் தடதடவென்று போகிற நேரம். காலையில் மலர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

போனேன். சேலைக்குப் பின்னால் பூ. வெளுத்த நீலம். அப்படி ஒரு நிறத்தை நான் எந்தக் காய்கறிப் பூவிலும் பார்த்ததில்லை. ஒன்றில்லை... சேலை மறைத்த இடம் முழுக்க, இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, கொத்துக் கொத்தாக. அண்ணாந்து மேலே பார்த்தேன். சேலை முடிகிற இடத்துக்கு மேலே ஒரு பூ இல்லை, ஒரு மொட்டு இல்லை. கோடு கிழித்த மாதிரி. ஒரே கொடி, ஒரே வேர், ஒரே தண்ணீர். கீழே பூ, மேலே வெறும் இலை.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நிமிஷம் பாப்பாத்தியம்மா காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மலர் உள்ளே போய்ச் செல்வத்தைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். அவர் இடது கையால் ஒரு பூவைத் தொட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், "ஆமா." அவர் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளாதது அன்றைக்குத்தான்.

சேகருக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது. மெல்லாமல் பேசினான், அதுவே அதிசயம்.

"அக்கா, இது சிறகவரை. காய்க்கு நாலு பக்கமும் இறக்கை இருக்கும், பாருங்க. இலை, பூ, காய், கிழங்கு எல்லாம் திங்கலாம். மலேசியாவுல சாப்பாட்டுக் கடையில அடிக்கடி சமைக்கிறதுதான். ஆமா, ஏன் கீழ மட்டும் பூத்துருக்கு?"

சேலைக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் லைட்டு எதுவும் இருக்கா?"

இருக்கிறது. ஆவணியில் பஞ்சாயத்து போட்ட எல்.இ.டி. தெருவிளக்கு. கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் நடையாய் நடந்து கேட்டு வாங்கியது. இருட்டினால் எரியத் தொடங்கி விடியும் வரை எரியும்.

"அதான். பகல் குறைஞ்சு ராத்திரி நீளும்ல, அதப் பாத்துத்தான் இது பூக்கும். விடாம இத்தன நேரம் இருட்டு இருக்கணும்னு அதுக்கு ஒரு கணக்கு உண்டு. லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்தா, இன்னும் பகல் நீளமாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இலையா விட்டுக்கிட்டிருக்கும். உங்க சேலை லைட்ட மறைச்சுருச்சு."

நினைத்துப் பாருங்கள். அந்தக் கொடிக்குக் கண் கிடையாது. கையில் வாட்ச் கிடையாது. சுவரில் நாள்காட்டி கிடையாது. ஐப்பசியில் பொழுது சீக்கிரம் சாய்கிறது என்பதே நமக்கு ஸ்வெட்டரைத் தேடும்போதுதான் உறைக்கிறது. இது ஒவ்வொரு ராத்திரியையும் இலையாலேயே அளந்துகொண்டு நின்றிருக்கிறது. போதிய இருட்டு சேரவில்லை, இன்னும் நேரமில்லை, இன்னும் நேரமில்லை என்று. அதைப் போய் மலடு என்றோம். யூரியா போட்டோம். பாவம், அதைத் தூங்கவிடாமல் விளக்கைப் போட்டுவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று நாம் கேட்டிருக்கிறோம்.

மலரிடம் சொன்னேன். "அப்ப லைட்ட அமத்தச் சொல்லிரலாமா?" என்று நானேதான் கேட்டேன்.

"வேணாங்க்கா" என்றாள் பட்டென்று. "அந்த லைட்டு வந்த பெறகுதான் நாங்கள்லாம் பயமில்லாம பஸ்ஸ விட்டு எறங்கி வரோம். இன்னொரு சேலையக் கட்டுவோம்."

கட்டினோம். இந்த முறை மாடி வரைக்கும். என் அலமாரியில் கட்டாமல் கிடந்த ரெண்டு சேலைகளுக்கு நல்ல கதி கிடைத்தது.

பாப்பாத்தியம்மாவுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டாமா? படித்துப் படித்துச் சொன்னேன். கண் இல்லைம்மா, விளக்கு. இருட்டு வேண்டும், அது கணக்குப் பார்க்கும். அந்தம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சரி, லைட்டுன்னே வச்சுக்க. மறைக்கச் சொன்னது யாரு?"

காரணம் தப்பாக இருக்கலாம், கைவைத்தியம் பலித்துவிடுகிறது. நம் வாழ்க்கையில் பாதி இப்படித்தான் ஓடுகிறது இல்லையா? பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு மூன்று பக்கம்தான் வெள்ளையடித்தார்கள். கொடி நிற்கிற பக்கம் அடிக்க வேண்டாம் என்று ஓனரம்மாவே ஆட்களிடம் சொல்லிவிட்டார்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நான் காயைப் பார்த்து வாய்பிளந்து நின்றேன் அல்லவா? பத்து மணிவாக்கில் செல்வம் ஊன்றுகோலோடு வந்து, பிஞ்சாகப் பார்த்து ஒவ்வொன்றாக ஒடித்து மடியில் கட்டிக்கொண்டார். மலர் வாங்கப் போனாள். கொடுக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். அடுப்பு, கத்தி, விழாத கையென்று ஒன்றுதான் இருக்கிறது... பயப்பட மாட்டாளா? அவர் ஊன்றுகோலாலேயே அவளை வெளியே போகச் சொன்னார்.

அவள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே அறுக்கிற சத்தம், நிறுத்தி நிறுத்தி. செயலற்ற வலது முஷ்டியைக் காயின் மேல் பாரமாக வைத்துக்கொண்டு இடது கையால் அறுத்திருக்கிறார். கரண்டி ஒன்று விழுந்தது. மலர் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு எண்ணெயில் பூண்டு வாசம் வந்தது.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் என்னைப் பார்க்காமலே. "எத்தனையோ பேருக்கு ஆக்கிப் போட்ட மனுசன். எனக்கு ஒரு வாய் ஆக்கிப் போட்டதில்ல. லீவுல வந்தா நான் ஆக்குவேன், அவரு தூங்குவாரு. அவரு சமையல் எப்புடி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

தட்டு வந்தது. இடது கையில் தட்டு, சுவரில் தோள். குறுக்கே அறுத்த ஒவ்வொரு துண்டும் நாலு முனை நட்சத்திரமாக இருந்தது. மிளகாயும் பூண்டும் போட்டு, நிறம் மாறாமல் வதக்கியிருந்தார். இதன் விதையைத்தான் அத்தனை தூரம் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். மலர் தட்டை வாங்கி, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கடைக்கு வந்த முதல் ஆளைப் பார்க்கிற மாஸ்டர் மாதிரி.

"நல்லாருக்குங்க" என்றாள். அவர் உள்ளே போய் இன்னொரு கரண்டி எடுத்து வந்து அவள் தட்டில் வைத்தார். எனக்கும் வைத்தார்.

உப்பு துளிகூட இல்லை. மலர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.